சக்கரம் வருது

டில்லி துவாரகாவில் பிறந்த என் மகளுக்குத் தமிழ் வரும், பாதி இந்தியில். எங்கள் வீட்டில் தலை சுற்றினால் 'சக்கர் வருது' என்றுதான் சொல்வோம். அதனால், படிக்கிற மேஜையிலிருந்து எழுந்து வந்து "அம்மா, சக்கரம் வருது" என்று ஒன்பது வயசுப் பெண் சொன்னதும் அவளைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தேன். இந்திச் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டித் தமிழாக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

தினமும் சொன்னாள். கண் டாக்டர், காது டாக்டர், கடைசியில் தலைக்கு ஸ்கேன். எங்கேயும் அவளை வாயைத் திறக்கவிடாமல் நானே பேசினேன். எல்லாம் நார்மல். அப்புறம் ஏன் சுற்றுது? "ஹோம்வொர்க்குக்கு டிமிக்கி" என்றார் கணவர். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அழுகை வந்தால் பாத்ரூமுக்குப் போய்விடுவேன்.

தீபாவளிக்கு, ரிமோட்டில் நிறம் மாறுகிற பல்பு ஒன்றை அவர் அவள் அறையில் மாட்டினார். அவள் சிவப்பை அமுக்கினாள்.

"அம்மா, சக்கரம் நின்னுடுச்சு!"

வெள்ளையை அமுக்கினாள். "இதோ, வருது."

பல்பு மாற்றினால் நிற்கிற தலைசுற்றலா? "எங்கேடி வருது?" என்றேன். ஜன்னல் திரையைக் காட்டினாள். கறுப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று துண்டு துண்டாக வட்டங்கள் போட்ட திரை, நான் ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கியது. முறைத்துப் பார்த்தேன். சும்மாதான் தொங்கியது.

"அப்படி இல்ல, என் புக்கைப் பாரு."

பார்த்தேன். அடக் கடவுளே! ஓரக்கண்ணில் அத்தனை வட்டமும் உருண்டன. மறுபடி சிவப்பைப் போட்டாள். மஞ்சள் வெள்ளையோடு கலந்தது, நீலம் கறுப்போடு சேர்ந்துகொண்டது, வட்டங்கள் அப்படியே நின்றுவிட்டன. நீல வெளிச்சத்திலும் நின்றது என்கிறாள். எனக்கு அதில் சந்தேகம்தான்.

திரை எப்போதுமே அசையவில்லை. இருட்டும் வெளிச்சமுமாக வரிசைப்படி அடுக்கியிருந்த நிறங்களை, ஏதோ ஓடுகிறது என்று கண் எடுத்துக்கொண்டது. விளக்கின் நிறம் அந்த வரிசையைக் கலைத்ததும் ஓட்டம் போச்சு. என் கண்ணாலே பார்த்தேன் என்று ஊரோடு சண்டை போடுகிறவள் நான். இப்போதெல்லாம் சண்டைக்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கிறேன்.

"தலை சுத்துதுன்னு ஏன்டி சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? சக்கரம் வருதுன்னேன். டாக்டர்கிட்ட நீதானே பேசினே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அச்சா... அப்போ நான் சாக மாட்டேன்ல?"