ஆறு காக்கி மரம்

காஜா பேராங் ஊரில் மருதமுத்துவின் தொழில் மரம் வெட்டுவது. வெட்டிய மரத்தைப் பற்றி ஊரெல்லாம் அளப்பதும் அவர்தான். காலையில் சாய்த்த ரம்புத்தான் மரம் சாயங்காலம் காப்பிக் கடைக்கு வருவதற்குள் இரண்டு பங்கு பருத்துவிடும்.

அவருடைய ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் பிடி. ஒரு பிடியில் அவர், எதிர்ப் பிடியில் மனைவி அஞ்சலை. பதினான்கு வருஷமாக இப்படித்தான், நடுவில் மரம். நாடு சுதந்திரமாகி மெர்டேக்கா வந்த வருஷம் அஞ்சலையின் வலது தோள் கழன்றதுபோல் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இழுத்தால் அந்தக் கை எதற்கும் உதவாது என்று டாக்டர் சொன்னார். மருதமுத்து ஆடிப்போனார். அன்றைக்கு அவர் காப்பிக் கடைப் பக்கமே போகவில்லை.

மறுவாரம் அஞ்சலையையும் அழைத்துக்கொண்டு பண்டார் ஹிலிரில் இருந்த மெசின் கடைக்குப் போனார். பெட்ரோல் ரம்பம் வாங்கிவிட்டால் அவள் இழுக்க வேண்டாம். அதுதான் கணக்கு.

"எவ்வளவு பெரிய மரம்? எத்தனை காக்கி?" என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே மலாய் மொழியில் கேட்டார்.

காக்கி என்றால் அடி. மருதமுத்துவின் பழைய குணம் எட்டிப் பார்த்தது. நெஞ்சை நிமிர்த்தி, "ஆறு காக்கி!" என்றார்.

தவுக்கே அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய், இரண்டு ஆட்கள் தூக்கிவர ஒரு மெசினைக் கொண்டுவந்தார். ஆள் நீளத்துக்குப் பல் சங்கிலி. ஒரு முனையில் இன்ஜின், மறுமுனையில் ஒரு கைப்பிடி.

"அந்தப் பக்கம் யார் பிடிப்பாங்க?" என்றார் தவுக்கே.

மருதமுத்து பதில் சொல்வதற்குள் அஞ்சலை போய்ப் பிடித்துவிட்டாள். "எடக்கையால புடிச்சிக்கிறேங்க. பழகிடும்."

மருதமுத்து முன்னே பாய்ந்தார். "விடு அஞ்சல, கையை எடு," என்று அதட்டினார். அதட்டியது தன்னைத்தான்.

இடுப்பிலிருந்த அளவுக் கயிற்றை உருவி, கடை வாசலில் இருந்த எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றிக் கட்டிக் காட்டினார். "இதான் தவுக்கே ஆறு காக்கி. நான் சுத்தி அளக்கிற ஆளு."

தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ஆறடியைக் குறுக்கே நினைத்திருக்கிறார். பீப்பாயின் குறுக்களவு இரண்டடிகூட இல்லை. "சரி, இவ்வளவு பெரிய மரம் மாசத்துக்கு எத்தனை?"

மருதமுத்து கூரையைப் பார்த்தார். அஞ்சலைதான் சொன்னாள். "பதினாலு வருசத்துல ஒண்ணே ஒண்ணு தவுக்கே. மத்ததெல்லாம் தென்னையும் ரம்புத்தானும்."

மருதமுத்து மறுக்கவில்லை. தவுக்கே ஓர் ஆள் பிடிக்கிற மெசினை எடுத்து வைத்தார். சங்கிலி ஒன்றரை அடி. தென்னைக்கு அது தாராளம். தடித்த மரம் வந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை உஜோங் பாசிரில், வீட்டுக்கூரைமேல் சாய்ந்திருந்த ஒரு தென்னை. மருதமுத்து இன்ஜினைக் கிளப்பிவிட்டு, பழக்கதோஷத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"இங்கதான் இருக்கேன்," என்றாள் அஞ்சலை, அவருக்குப் பின்னாலிருந்து. "அறுங்க."