பத்து நாள் வாய் திறக்காமல் கேமரன் மலையில்

பேசிப் பேசியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள் நான். சொல்ல வெட்கமில்லை. ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பில் நான் பாடம் நடத்தினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது, குரல் முதலில் கரகரத்தது, பிறகு வெறும் காற்றாகிப்போனது. டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு கட்டிகள். "பத்து நாள் ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மீறினால் அறுவைதான். அதற்குப் பிறகு வகுப்பெடுக்க முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது" என்றார்.

மன அமைதிக்காக மலைக்குப் போகப்போவதாக எனக்கு எழுதும் வாசகர்கள் பெருகிவிட்டதால் இந்தப் பழைய பயணத்தை எழுதுகிறேன். நான் அமைதி தேடிப் போகவில்லை, டாக்டருக்குப் பயந்து போனேன். போனது என் தங்கை சரோஜா வீட்டுக்கு. தானா ராத்தாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தாள். அவள் கொழுந்தெடுத்தாள், கணவர் மாணிக்கம் தோட்டத்து லோரி ஓட்டினார். எனக்கு இன்னொரு காரியமும் இருந்தது. மாணிக்கத்துக்கு ஈப்போவில் ஒரு மரக்கடையில் வேலை பேசி, புந்தோங்கில் வீடும் பார்த்து வைத்திருந்தேன். ஜனவரி முதல் தேதி சேர வேண்டும். சாமான் கட்டிக்கொண்டு மூவருமாக இறங்குவது என் திட்டம்.

அப்போது சிம்பாங் பூலாய் வழியாக மலைக்கு ரோடு கிடையாது. தாப்பா போய்த்தான் ஏற வேண்டும். காலை ஏழு மணிக்கு ஈப்போவில் பஸ் ஏறி எட்டரைக்குத் தாப்பா. அங்கே ஒன்பதேகாலுக்கு மலை பஸ். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், மூன்று வெள்ளி ஐம்பது காசு. 'தானா ராத்தா, ஒரு ஆள்' என்று சிலேட்டில் எழுதி டிரைவரிடம் காட்டினேன். "அடப் பாவமே, வாய் பேச வராதாம்மா?" என்றார். பேச்சு வராதென்றால் காதும் கேட்காது என்று அவராகவே முடிவு செய்து, வழியில் வந்த ஊரையெல்லாம் "ரிங்லெட் வந்துருச்சும்மா! ரிங்லெட்!" என்று பஸ்ஸே அதிரக் கத்தினார். வேறு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

முதல் நாளே என் சிலேட்டு தோற்றது. குழம்பில் உப்பு கூடுதல் என்று எழுதி நீட்டினேன். சரோஜா சிரித்துவிட்டாள். "அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு மறந்துட்டியா?"

தெரியாத விஷயமா! அப்பா இறந்தபோது எனக்குப் பதினேழு, அவளுக்கு ஏழு. அம்மா கொழுந்தெடுக்கப் போக, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் படிப்பு கெடக் கூடாது என்று அவளைத்தான் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள், கூடப் பிறந்தவளிடம் சிலேட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆக, நான் எழுதியதெல்லாம் மாணிக்கம் வீடு திரும்பும் ஐந்து மணிவரை காத்திருந்தது. மத்தியானச் சோற்றுக்கு ரசம் கேட்டது சாயங்காலம் சத்தமாக வாசிக்கப்பட்டது. மாதாமாதம் நான் போட்ட கடிதங்களையும் அவர்தான் வாசித்து, 'அப்படியே செய்கிறோம் அக்கா' என்று அவரே பதிலும் எழுதியிருக்கிறார். "உங்க கடுதாசின்னா நாங்க எந்திரிச்சி நின்னுதான் படிப்போம்லா" என்றார் பெருமையாக.

ஆறாம் நாள், பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கு முடிந்ததும் சரோஜாவோடு நானும் தேயிலைச் சரிவுக்குப் போனேன். பத்து மணிக்குக் கூடையை இறக்கிவிட்டு, போத்தல் தேத்தண்ணியைத் திறந்தாள்.

"அக்கா, நீ பேச முடியாத நேரமாப் பாத்துச் சொல்றேன். கோவிச்சுக்காத. நான் ஈப்போ வரல."

விருட்டென்று எழுந்தேன்.

"உக்காரு. சொல்லி முடிச்சிடறேன். எங்க கொழுந்துக் கூட்டத்த மேய்க்கக் கங்காணியா இருக்கியான்னு துரை கேட்டிருக்காரு. பொம்பளக் கங்காணிலா! மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். இங்க நான் சரோஜா. அங்க வந்தா டீச்சரம்மா தங்கச்சி. பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துனப்ப என்னைய யாரும் கேக்கல. இப்பவும் நீ என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

நன்றி கெட்டவளே, உனக்காக எத்தனை வீட்டுப்படி ஏறினேன் தெரியுமா என்று தொண்டைவரை வந்துவிட்டது. ஓர் அதட்டல் போதும், அடங்கிவிடுவாள், எப்போதும் அடங்கியிருக்கிறாள். அந்த ஒரே அதட்டலில் என் குரலும் போயிருக்கும். கழுத்தில் சுற்றியிருந்த துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள்: எந்தச் சரிவில் கொழுந்து முதலில் திரளும், மழை நாளில் யாரை எந்த வரிசையில் விட வேண்டும், கொழுந்து நிறுவையில் சண்டை போட்டு எப்படி ஜெயித்தாள் என்றெல்லாம். இந்தச் சரோஜாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கோபம் எப்போது இறங்கியதென்று தெரியவில்லை, பெருமையாக இருந்தது.

அடுத்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன், நடந்தேன், லயத்துக்காரர்கள் சொன்னதையெல்லாம் கேட்டேன். கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. சிறுமியாக நான் அப்படித்தான் இருந்தேன், பிறர் பேசுவதை வாய் பார்த்துக்கொண்டிருக்கும் பெண். அப்பா போனபின் வீட்டில் யாராவது அதட்ட வேண்டியிருந்தது. அன்று உயர்த்திய குரலை இறக்க மறந்தே போனேன். சரோஜாவுக்கு என் பதிலைச் சிலேட்டில் எழுதவில்லை. அதை இன்னொருவர் வாசித்து அவள் கேட்கக் கூடாது.

போகும் எண்ணத்தில் இருப்பவர்களுக்குச் சில தகவல்கள். கடைசியில் வைத்தால் படிக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். தாப்பா வழியில் போனால் முன்சீட்டில் உட்காருங்கள், வாயில் இஞ்சித் துண்டு இருக்கட்டும். மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும். சுவெட்டரோடு குடையும் வேண்டும். காய்கறி வாங்கத் தானா ராத்தாவிலிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் மேலே பிரிஞ்சாங் போங்கள். மூன்று நாள் தங்கலில் மனம் ஆறும் என்று நம்பாதீர்கள், எனக்கு முதல் மூன்று நாள் முறைத்துக்கொண்டிருப்பதிலேயே போயிற்று. கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் முதலில் டாக்டரிடம் போங்கள், மலை எங்கேயும் ஓடிவிடாது.

பத்து நாளும் முடிந்த மறுநாள் காலை, மணி ஆறு. அடுப்படியில் சத்தம் கேட்டுப் போனேன். சரோஜா பெரிய பானைக்குள் தட்டுகளை அடுக்கி, பழைய சேலையால் கட்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீ ஒண்ணுமே சொல்லலியேக்கா. அதான்… கட்டிடலாம்னு."

வாயைத் திறந்தேன். குரல் வருமோ வராதோ என்றிருந்தது. வந்தது, எனக்கே அடையாளம் தெரியாத மெல்லிய குரல்.

"கங்காணியம்மா, அந்தப் பானைய அவுத்து வை. பெரட்டுக்கு நேரமாச்சு."