கோணலாக நின்ற ஆர்பிஎம் மீட்டர்

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களில் மீட்டர் வேலை என்பது, கழற்றியதைக் கழற்றிய மாதிரியே திருப்பி மாட்டுவதுதான். சொல்வதற்கு மட்டும் சுலபம். புரொபேஷனில் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் இது புரியும்.

பெட்ரோல் முள் எங்கே?

எங்கள் கராஜ் ஷார்ஜா தொழில்பேட்டையில். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவன் நான்தான். ஆறு மாதம் புரொபேஷன். தேறாவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். முதல் நாள் பார்த்த காரில் வேகமும், என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம்மும் ஓட்டுபவர் முகத்துக்கு நேரே இருந்தன. தண்ணீர்ச் சூடு, ஆயில், பெட்ரோல் காட்டும் சின்ன மீட்டர்கள் நடுவில் வரிசையாக இருந்தன. பெட்ரோல் கடைசியில், பக்கத்து சீட்டை ஒட்டி. ஏன் இவ்வளவு தள்ளி என்று ஃபோர்மேன் காசிம் காக்காவிடம் கேட்டேன். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்; ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“இந்த வண்டி வாங்குறவன் பெட்ரோலைப் பார்க்க மாட்டான் தம்பி. பக்கத்துல உட்கார்ற பொண்டாட்டிக்குத்தான் அந்தக் கவலை.”

கோணல்

ஐந்தாம் மாதம் ஒரு பந்தயக் கார் டாஷ்போர்டு வேலைக்கு வந்தது. சொந்தக்காரர் துபாய் அரபி. ஆர்பிஎம் மீட்டர் கால்வட்டம் திரும்பியிருந்தது. எண்களெல்லாம் தலைசாய்ந்து கிடந்தன. எவனோ அவசரத்தில் மாட்டியது என்று நினைத்து, ஸ்கேல் வைத்து நேராக்கி இறுக்கினேன். அன்று சாப்பாடுகூட நன்றாக இறங்கியது.

மறுநாள் காலை காசிம் காக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பந்தயக் கார்களில் அதை வேண்டுமென்றே திருப்பி மாட்டுவார்களாம். வேகத்தில் எண்ணைப் படிக்க நேரமில்லை. முள் செங்குத்தாக நின்றால் கியர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மறுபடி திருப்ப டாஷ்போர்டையே இறக்கியாக வேண்டும், அரை நாள் வேலை. சொந்தக்காரரோ பத்து மணிக்கு வருகிறார்.

“கழற்றுறதுக்கு முன்னாடி நீயே போட்டோ எடுத்தியே. அதை யாருக்குக் காட்டவாம், சம்பந்தி வீட்டுக்கா?”

பத்து மணி

சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியாமலே போகலாம். சொன்னால் வேலை போகலாம். ஆனால் அவர் மலை ரோட்டில் ஓட்டுகிறவர். வளைவில் எண்ணைத் தேடினால் கண் ரோட்டில் இருக்காது. நானே போய், அவருக்கும் புரிகிற அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டாஷ்போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“நாலு வருஷமா அது ரிப்பேர்னு நினைச்சு, வெளியே சொல்ல வெட்கப்பட்டேன் பாய். இப்போ காரணம் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அந்தக் கோணல்தான் வேணும். யல்லா, சீக்கிரம் கழற்று.”

ஆக, படித்துவிட்டு வந்து நான் செய்த முதல் காரியம் சரியாக இருந்ததை நேராக்கியது, இரண்டாவது அதைத் திரும்பக் கோணலாக்கியது; அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது இரண்டாவதற்காகத்தான்.