மாப்பிள்ளையின் தண்ணீர்ப் பீப்பாய்

ஒப்புரவு என்பது ஓர் அரிய குணம். தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒன்றில் அண்டை அயலாருக்கும் பங்கு உண்டென்று, அவர்கள் வாய்திறந்து கேட்பதற்கு முன்னரே எண்ணிக்கொள்வது அது. வள்ளல்கள் மாலைக்குக் கழுத்தை நீட்டுவதுண்டு. ஒப்புரவாளர்களோ பக்கத்து வீட்டுக்கு ஒரு மின்கம்பியை இழுத்துக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அங்ஙனம் கம்பி இழுத்துக் கொடுத்தவர்தாம் இக்கதைக்கு உரியவராகிய வெல்டிங் பட்டறைக்காரர்.

பட்டறை தெருமுனையில் இருந்தது. அதை ஒட்டிய அறையில் அவர் மனைவி ஒரு மின்பெட்டி வைத்திருந்தார். நூற்று இருபது முட்டைகளை ஒரே வேளையில் அடைகாக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி. அதன் சூடு இருபத்தொரு நாளும் ஒரு பாகை ஏறாமல் இறங்காமல் இருக்கவேண்டும். மின்சாரமோ நாள்தோறும் காலை பத்து மணிக்குப் போனால் பிற்பகல் மூன்றுக்குத்தான் வரும். முதன்முறை வைத்த முட்டைகள் பாதியிலேயே குளிர்ந்துபோயின. இரண்டாம் முறை பத்தொன்பதாம் நாள் வரை தாக்குப்பிடித்துப் பின் அவையும் போயின. அன்று அந்த அம்மையார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இந்தப் பெட்டிய செருப்பு வைக்க எடுத்துக்குவேன். அப்புறம் இந்த வீட்டுல கோழிங்கற பேச்சே கூடாது, சொல்லிட்டேன்." சொன்னவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த கண்ணாடியையே மீண்டும் மீண்டும் துடைத்தார். பட்டறைக்காரர் அதைப் பார்த்தார். மறுநாள் பழைய இரும்புக் கடைக்குப் புறப்பட்டார்.

எவரோ கழித்துப்போட்ட ஒற்றை உருளை டீசல் எஞ்சின் ஒன்று, வேறெங்கோ துருவேறிக் கிடந்த டைனமோ ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு பெல்ட். ஆங்கிள் இரும்பை வெட்டிப் பற்றவைத்துச் சட்டம் செய்தார். முன்புறம் மூன்றுசக்கர வண்டியின் சக்கரங்கள் இரண்டைப் பூட்டினார். இரும்புக் கட்டிலின் கால்களை அறுத்துத் தள்ளுவதற்குக் கைப்பிடி வைத்தார். எஞ்சின் சூட்டைத் தணிக்க, அதன் தலைக்குமேல் அறுபது லிட்டர் பீப்பாய் ஒன்றை ஏற்றி, மேலொரு குழாயும் கீழொரு குழாயுமாக எஞ்சினோடு பொருத்தினார். பீப்பாய்க்குக் கூம்பு வடிவில் தாமே ஒரு மூடியும் அடித்தார். அம்மூடியின்மீது அவருக்கிருந்த பெருமிதம் சொல்லில் அடங்காது.

தினமும் காலையில் அதை வாசலுக்கு வெளியே தள்ளி, புகைபோக்கியைச் சன்னல்கள் இல்லாத பக்கமாகத் திருப்பி நிறுத்துவார். எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்ப்பார். டீசலைத் துணியில் வடித்து ஊற்றுவார். அழுத்தம் தளர்த்தும் நெம்புகோலைத் தூக்கிக் கைப்பிடியைச் சுழற்றுவார். முதல் சுற்றில் அது முனகும். இரண்டாம் சுற்றில் இருமும். மூன்றாம் சுற்றில் ஒரு கரும்புகையை உமிழ்ந்துவிட்டுத் தடதடவென்று முழங்கத் தொடங்கும். சோதனை விளக்கு நடுங்காமல் எரிகிறதா என்று பார்த்த பின்னரே, தெருக்கம்பியைத் துண்டித்து இதற்கு மாற்றும் சுவிட்சைப் போடுவார். இவ்வளவு உபசாரம் செய்தாலன்றி எழுந்திராததாலும், எழுந்தபின் அதன் குரலே வீட்டில் ஓங்கி ஒலித்ததாலும், மனைவி அதற்கு மாப்பிள்ளை என்று பெயரிட்டார்.

மாப்பிள்ளையின் வலிமை பெட்டிக்குத் தேவையானதைவிட மிகுதி. எனவே எதிர்வீட்டுத் தையற்கார அக்காவின் இயந்திரங்களுக்கு ஒரு கம்பி போயிற்று. முடிதிருத்துபவரின் மின்கத்தரிக்கும் விசிறிக்கும் ஒன்று. தேநீர்க்கடை விசிறிக்கு ஒன்று. சில நாள்களில் மற்றொரு நன்மையும் வெளிப்பட்டது. பீப்பாயின் அடிக்குழாயைத் திருகினால் நல்ல சுடுநீர் வந்தது. அக்கா துணி நனைக்கப் பிடித்தார். தேநீர்க்கடைக்காரர் கோப்பை கழுவப் பிடித்தார். முடிதிருத்துபவர் சவரத்துக்குப் பிடித்தார். எடுத்த அளவு பச்சைத்தண்ணீரை மேலே ஊற்றிவிடவேண்டும் என்பது ஒன்றே விதி.

பட்டறைக்காரர் எப்போது மூடியைத் தூக்கிப் பார்த்தாலும் பீப்பாய் நிறைந்தே இருந்தது. மக்கள் விதிப்படி ஊற்றுகிறார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தால் நலமாயிருந்திருக்கும். அவரோ அந்நிறைவுக்குக் காரணம் தம் மூடியே என்று முடிவுகட்டினார். "ஆவி மேல போகுது. கூம்புல மோதுது. குளுந்து திரும்பச் சொட்டுது. ஒரு சொட்டு வீணாகாது," என்று வருவோர் போவோருக்கெல்லாம் கைகளால் கூம்பு வரைந்து காட்டுவார். முடிதிருத்துபவர் இதைப் பதினைந்து முறையாவது கேட்டிருப்பார். ஒவ்வொரு முறையும் "அடேங்கப்பா!" என்று வியந்துவிட்டுப் போவார். நாளடைவில் பட்டறைக்காரர் மூடியைத் தூக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

மூன்றாம் முறை வைத்த முட்டைகளுக்கு இருபத்தொன்றாம் நாள் வந்தது. விடியும்போதே சில முட்டைகளில் ஊசிமுனை அளவு விரிசல் கண்டிருந்தது. அம்மையார் முக்காலியைப் பெட்டிமுன் போட்டு அமர்ந்துவிட்டார்.

"என்னங்க, இன்னிக்கு மட்டும் மாப்பிள்ளை முறுக்கிக்காம இருக்கணும்."

"ஒரு நிமிஷம்கூட நிக்காது. நான் பொறுப்பு," என்றார் அவர்.

பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. மாப்பிள்ளை முழங்கத் தொடங்கிற்று. பட்டறைக்காரர் உள்ளே ஒரு கதவுச் சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நண்பகல் நெருங்குகையில் அந்த முழக்கத்தில் ஏதோ மாறியது. பல்லைக் கடிப்பதுபோன்ற ஓசை. அதன்பின் வெந்த பெயின்டின் நெடி. கையிலிருந்ததை எறிந்துவிட்டு ஓடிவந்து எஞ்சினை நிறுத்தினார். மூடியைத் தூக்கினார். மேற்குழாயின் வாய் வெளியே தெரிய, அடியில் ஒரு சாண் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேற்குழாய்க்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் எஞ்சினுக்குள் சுற்றோட்டமே நின்றுபோகும். நின்றுதான் போயிருந்தது.

அவர் கண்மண் தெரியாமல் ஒரு வாளிப் பச்சைத்தண்ணீரைத் தூக்கினார். வாசலுக்கு வந்த மனைவி வாளியைப் பற்றிக்கொண்டார்.

"என்ன செய்றீங்க? கொதிக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணி பட்டா ஹெட்டு விரிசல் விட்டுடும்னு எனக்கே பாடம் நடத்தினீங்களே!"

"ஆமால்ல," என்று அவர் வாளியைக் கீழே வைத்தார். "ஒரு மணி நேரமாவது ஆறணும். அதுவரைக்கும்..."

அதுவரைக்கும் என்னவாகும் என்பதை இருவருமே இருமுறை கண்டிருந்தார்கள். பெட்டியின் வெப்பமானி அதற்குள் ஒரு பாகை இறங்கியிருந்தது.

ஓசை நின்றதும் தெரு எட்டிப்பார்த்தது. தையற்கார அக்கா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்தார், தேநீர்க்கடைக்காரரும் வந்தார்.

"யாரு தண்ணி எடுத்தது?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"நான் ரெண்டு வாளி எடுத்தேன் தம்பி. எப்பவும்போல," என்றார் அக்கா.

"நானும் ரெண்டு," என்றார் தேநீர்க்கடைக்காரர்.

"திரும்ப ஊத்தலியா?"

அக்கா விழித்தார். "எனக்கு முட்டிவலின்னு முடிவெட்டற தம்பிதான எப்பவும் ஊத்தும்?"

"அட, எனக்கும் அவருதாங்க ஊத்துவாரு! கடைய விட்டு நகர முடியலன்னு ஒரு நாள் சொன்னேன். அன்னியிலேருந்து அவரேதான்," என்றார் மற்றவர்.

அவ்வேளையில் முடிதிருத்துபவரே கைப்பையுடன் தெருமுனையில் தோன்றினார். படுத்த படுக்கையாயிருக்கும் ஒரு பெரியவருக்குச் சவரம் செய்யக் காலையிலேயே போயிருந்தவர் அப்போதுதான் திரும்பினார். பீப்பாயைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயோ, அண்ணே! போறப்ப சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"அப்போ இத்தன நாளா நீங்கதான் ரொப்பினீங்களா?"

"எனக்கு எடுக்கறது போக நாலு வாளி. அதுல என்ன இருக்கு?"

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

முடிதிருத்துபவர் தலையைச் சொறிந்தார். "நீங்க அந்த மூடியப் பத்தி அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல பூந்து கெடுக்க மனசு வரலண்ணே."

அத்துணை கலக்கத்திலும் அம்மையாருக்குச் சிரிப்பு பீறிட்டது. "கூம்புல மோதுது, குளுந்து சொட்டுது!" என்று கைகளால் வரைந்து காட்டினார். பட்டறைக்காரரின் காதுகள் எஞ்சினைக் காட்டிலும் சிவந்தன. ஆனால் அந்தச் சிரிப்பினூடே அம்மையாருக்கு ஒன்று தோன்றிவிட்டது.

"அக்கா, காலைல புடிச்ச சுடுதண்ணி இருக்கா?"

"ஒரு வாளி மூடி வச்சிருக்கேன். இன்னும் கை வைக்க முடியாது."

"என் அடுப்புல பெரிய பாத்திரம் கொதிக்குது," என்று தேநீர்க்கடைக்காரர் ஓட்டமெடுத்தார்.

தெருவிலிருந்த கண்ணாடிப் புட்டிகளெல்லாம் வந்து சேர்ந்தன. பட்டறைக்காரர் புனல் வைத்துச் சுடுநீரை நிரப்பினார். அக்கா வெட்டுத்துணிகளால் அவற்றைச் சுற்றினார். முடிதிருத்துபவர் தம் வெள்ளைப் போர்வையையே மடித்துப் பெட்டிமேல் போர்த்தினார். அம்மையார் கதவை ஓர் இமைப்பொழுது மட்டும் திறந்து புட்டிகளைத் தட்டுகளின் ஓரத்தில் செருகினார். தேநீர்க்கடைக்காரர் இன்னும் நான்கு புட்டிகளை நீட்டியபோது, "போதும்ணே! எனக்குக் குஞ்சு வேணும், அவிச்ச முட்டை வேணாம்," என்று தடுத்தார்.

வெப்பமானி இறங்குவதை நிறுத்திற்று. பிறகு தயங்கித் தயங்கி ஏறிற்று. ஐவரும் மூச்சடக்கி நின்றார்கள். மாப்பிள்ளையின் ஆரவாரமில்லாத அந்த நண்பகல் அமைதியில், போர்வைக்கு உள்ளிருந்து மெல்லிய ஒலி ஒன்று எழுந்தது.

"கீச்."

"வெல்டிங் கண்ணாடிய கழட்டுங்க, காது கேக்கும்," என்றார் அம்மையார். கண்ணாடிக்கும் காதுக்கும் என்ன தொடர்பென்று கேட்காமலே அவர் கழற்றினார். அவருக்கும் கேட்டது. எஞ்சின் ஓடியிருந்தால் அந்த முதற்குரல் ஒருவர் செவிக்கும் எட்டியிருக்காது.

இருமுறை புட்டிகளை மாற்றினார்கள். எஞ்சின் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியபின், வெதுவெதுப்பான நீரையே சிறிது சிறிதாக ஊற்றி, மூன்றாம் சுற்றில் மாப்பிள்ளையை எழுப்பினார் பட்டறைக்காரர். தலைக்குச் சேதமில்லை, ஹெட்டு என்னும் எஞ்சினின் தலைக்கும், அவர் தலைக்கும். மறுநாள் காலைக்குள் நூற்றுநான்கு குஞ்சுகள் ஈரம் உலர்ந்து, மஞ்சள் பந்துகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன. அம்மையார் மூன்றுமுறை எண்ணினார். செருப்புகள் பழைய இடத்திலேயே கிடக்கட்டும் என்று அறிவித்துவிட்டு, அடுத்த முறைக்கு முட்டை சொல்லியனுப்பினார்.

பட்டறைக்காரர் பீப்பாயின் பக்கவாட்டில் நீர்மட்டம் தெரிய ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இப்போது நாள்தோறும் மற்றவர்கள் சுடுநீர் பிடித்துச் சென்றதும் நான்கு வாளி நீரை அவரே சுமந்து ஊற்றுகிறார். ஆயினும் பதினொரு மணிக்கு முடிதிருத்துபவர் வாளியுடன் வந்துவிடுவார்.

"நான்தான் ஊத்திட்டேனே," என்பார் இவர்.

"பழக்கமாப் போச்சுண்ணே. ஆமா, அந்த மூடி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க," என்பார் அவர்.

இவரும் சளைக்காமல் கைகளால் கூம்பு வரைவார்.

அவ்வீட்டின் பெட்டியில் வெம்மையும் பீப்பாயில் தண்மையும் என்றென்றும் தங்குக. அங்கே ஓடுடைத்து வரும் உயிரெல்லாம் இரையும் நிழலும் பெற்றுப் பெருகுக. அவ்வில்லத்து அம்மையாரின் நகை ஒருநாளும் அவியாதிருக்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அக்குடியை அகலாது காக்க.