பீருக்குச் சூடு கிளாஸ்

முதலாளி என்னைப் பெங்களூருக்கு அனுப்பினது நான் குடிக்காதவன் என்கிறதுக்காக. குடிக்கிற இடத்தைப் பார்த்துவரக் குடிக்காதவன். அது அன்னைக்கும் புரியல. இன்னைக்கும் அரைகுறைதான்.

நான் பூண்டிக்காரன். ஒரு வருஷம் உறைபனி விழுந்து வெள்ளைப்பூண்டு மொத்தமும் கருகிப்போச்சு. கொடைக்கானலுக்கு வந்து, ஏரிக்கு மேல இருந்த ஒரு லாட்ஜில் ரூம் பார்க்கிற சோலியில் சேர்ந்தேன். அது எழுபதுகள். மதுவிலக்கு இருந்த காலம். பெர்மிட் வச்சிருக்கிறவங்க குடிச்சாங்க. இல்லாதவங்களும் குடிச்சாங்க. ரெண்டு பேருமே கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சாங்க. நான் சோடாவும் கிளாஸும் கொண்டுபோய் வைப்பேன். திரும்பி வரும்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டுட்டு வருவேன். யாரும் சொல்லித்தரல. அதுதான் முறை.

இன்னொரு முறையும் இருந்தது. பின்கட்டில் வெந்நீர் போடுற செம்பு பாய்லர் எரிஞ்சுக்கிட்டே கெடக்கும். கிளாஸை அந்த வெந்நீரில் முக்கித் துடைச்சு, சூட்டோடதான் கையில் கொடுப்பேன். மஞ்சு இறங்கின நேரத்தில் வெளியில சுத்திட்டு வர்றவங்களுக்கு விரல் விறைச்சிருக்கும். எங்க மலையில் யார் வீட்டுக்குப் போனாலும் தம்ளரை அடுப்போரம் காட்டித்தான் தருவாங்க. சில்லுன்னு ஒண்ணைக் கையில் கொடுத்தா, சீக்கிரம் கிளம்புன்னு சொல்ற மாதிரி.

எண்பதுகளில் சட்டம் மாறிச்சு. முதலாளியோட மகளைக் கட்டினவர் பெங்களூரில் ஒரு கம்பெனி வேலையை விட்டுட்டு இங்கயே வந்துட்டார். லாட்ஜில் எல்லாரும் அவரை மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவோம். ஒருநாள் கணக்கு மேசைகிட்ட நின்னுக்கிட்டு மாமனாரிடம் சொன்னார்.

"பெங்களூர்ல பப்புன்னு வந்திருக்கு மாமா. குழாயைத் திருப்பினா பீர் வருது. நம்ம முன்னறையில ஒண்ணு போட்டா ஊரே இங்கதான் உட்காரும்."

"இங்க குழாயைத் திருப்பினா தண்ணியே வரல மாப்ளே" என்றார் முதலாளி.

ஆனாலும் யோசிச்சார். அந்த வருஷம் லாட்ஜில் கூட்டம் கம்மி. ரூம் பார்க்கிற ஆள் நானும் இன்னொருத்தரும். என்னைத் தனியாக் கூப்பிட்டார்.

"சீசன் முடிஞ்சா எனக்கு ஒரு ஆள் போதும்யா. அவரு மூத்தவரு, அவரை அனுப்ப முடியாது. பார் வந்தா நீ அதுல இரு. வராட்டி வேற இடம் பார்த்துக்க."

நானும் என் வீட்டுக்காரியும் பாய்லருக்குப் பின்னால இருந்த அறையில் குடியிருந்தோம். அவ மாசமா இருந்தா. வேலை போனா அறையும் போகும். எங்களுக்குத் தெரிஞ்சதிலே அந்த ஒரு சுவர்தான் ராத்திரி பகல் சூடா இருக்கிற சுவர்.

"மாப்பிள்ளை கூடப் போயிட்டு வா" என்றார் முதலாளி. "அவரு பீரைத்தான் பார்ப்பாரு. நீ கடையைப் பாரு. நம்ம ஊருக்கு ஆகுமா ஆகாதான்னு வந்து சொல்லு."

சரிங்கன்னேன்.

நான் குடிக்காததுக்குப் பெரிய காரணம் ஒண்ணும் இல்ல. கல்யாணத்தன்னைக்கு மாமனார் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினார். கொடுத்தேன். அவ்வளவுதான்.

மத்தியானமே கிளம்பி வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் போய், அங்கிருந்து ராத்திரி பஸ். பெங்களூரில் இறங்கினபோது விடிஞ்சிருந்தது. குளிராத்தான் இருந்தது. மாப்பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டார். எனக்கு வேர்த்தது.

மொத கடைக்கு மத்தியானம் போனோம். நல்ல வெயில். தெருவைப் பார்த்துப் பெரிய கண்ணாடி ஜன்னல். உள்ள பீப்பாயைக் கவுத்துப் போட்டு மேசையாக்கியிருந்தாங்க. சுவரில் குதிரைச் சேணம் தொங்கிச்சு. குதிரை எங்கேன்னு தெரியல. டை கட்டினவங்க, பொம்பளைப் பிள்ளைங்க, எல்லாரும் கையில் பிடி வச்ச பெரிய கண்ணாடி மக்கோட உட்கார்ந்திருந்தாங்க. ரோட்டில் போறவங்க பார்த்துக்கிட்டே போறாங்க. ஒருத்தரும் முகத்தைத் திருப்பல.

எனக்குத்தான் கூச்சமா இருந்தது. எந்திரிச்சுப் போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

கடை பாதி இருட்டாச்சு. அங்கங்க சத்தம் போட்டாங்க. கடைக்காரர் ஓடிவந்து கன்னடத்தில் என்னவோ கேட்டார். மாப்பிள்ளை இங்கிலீஷில் என்னவோ சொல்லித் திரையைத் திறந்துவிட்டார். உட்கார்ந்ததும் பல்லைக் கடிச்சார்.

"ஏலே, எதுக்குலே அதை இழுத்தே?"

"குடிக்கிறாங்க சார்."

"குடிக்கத்தான வந்திருக்காங்க."

"அதான் சார் இழுத்தேன்."

அவர் மக்கைத் தூக்கி ஒரு மடக்குக் குடிச்சார். மீசையில் நுரை நின்னது. எனக்கு ஒரு லைம் சோடா வந்தது. கேட்காமலே ஒரு தட்டு மசாலாக் கடலையும் வச்சாங்க. அதைத் தின்னுக்கிட்டு யாராவது விழுவாங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். எங்க பக்கம் குடிச்சா விழணும். பூண்டியில் சாராயம் குடிச்சவங்க ஓடையில் கெடப்பாங்க, வீட்டு ஆள் வந்து தூக்கிட்டுப் போகும். இங்க யாரும் விழல. சிரிச்சாங்க, சட்டையைச் சரிபண்ணிக்கிட்டு ஆபீசுக்குப் போனாங்க. போதைக்கு இல்லன்னா எதுக்குக் குடிக்கிறாங்க? ருசிக்கான்னு கேட்டேன்.

"கசக்கும்" என்றார் மாப்பிள்ளை. "ஆனா நல்லாருக்கும்."

நான் கடலை இன்னொரு பிடி எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது கடை தரைக்கு அடியில். படி இறங்கிப் போகணும். குகை மாதிரி சிமெண்டில் பாறை செஞ்சு வச்சிருந்தாங்க. எங்க ஊரில் நிஜப் பாறை அவ்வளவு கெடக்கு, அதுமேல யாரும் காசு கொடுத்து உட்கார மாட்டாங்க. பாட்டுச் சத்தத்தில் காது அடைச்சது. ஆனா அங்க இருந்தவங்க பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. எப்படிக் கேட்டுச்சோ. மாப்பிள்ளையும் என்கிட்ட என்னவோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இன்னொரு லைம் சோடா வந்தது.

மேல ஏறி வந்ததும் ரோட்டில் நின்னு கேட்டார்.

"ஊருக்குப் போனதும் மாமா கேட்பாரு. என்ன சொல்லுவே?"

"பார்த்தேன்னு சொல்லுவேன் சார்."

"என்னத்தைப் பார்த்தே?"

"அதான் சார் தெரியல."

"ஓடும்னு சொல்லு. அது போதும். உனக்கும் வேலை நிக்கும்."

அது எனக்கும் தெரியும்.

மூணாவது கடையில் மாப்பிள்ளைக்குப் பழக்கம் இருந்தது. நாலு மணி இருக்கும், கூட்டம் இல்ல. குழாயடியில் நின்னவர் கோலார் தங்கவயல் தமிழர். என் வயசுதான் இருக்கும், ஆனா என்னை அண்ணேன்னார். மாப்பிள்ளை என்னை முன்னால தள்ளிவிட்டார்.

"எங்க பார்ல இவன்தான் ஊத்தப் போறான். கொஞ்சம் கத்துக்கொடுங்க."

"வாண்ணே. ஒண்ணுமில்ல. கிளாஸைப் பிடி, குழாயை இழு. அம்புட்டுதான்."

பக்கத்தில் ஒரு தொட்டியில் ஆவி பறக்கிற வெந்நீர் இருந்தது. எச்சில் கிளாஸ் கழுவ வச்சிருந்தாங்க. அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அன்னைக்குக் காலையிலிருந்து எனக்குப் புரிஞ்ச ஒரே பொருள் அதுதான். சுத்தமான மக் ஒண்ணை எடுத்து வெந்நீரில் முக்கினேன். நல்லாத் துடைச்சேன். குழாயடியில் பிடிச்சு இழுத்தேன்.

மொத்தமும் நுரை. பொங்கி, கைமேல வழிஞ்சு, தரைக்கு வந்தது. மக்குக்குள்ள பீர் ஒரு விரல் அளவுகூட இல்ல.

"பரவால்லண்ணே, இன்னொண்ணு பிடி" என்றார் அவர்.

சூடு பத்தலைன்னு நினைச்சேன். அடுத்த மக்கை இன்னும் கொஞ்ச நேரம் வெந்நீரில் வச்சிருந்தேன். அது மொதல்ல வந்ததைவிட அதிகமாப் பொங்கிச்சு. உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் கை தட்டினாங்க. மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

தங்கவயல்காரர் அப்பத்தான் என் கையைக் கவனிச்சார்.

"இன்னாண்ணே நீ, கிளாஸை வேகவைக்கிறியா?"

"சூடு காட்டினேன்."

"எதுக்கு?"

"கையில் கொடுக்கணும்ல."

"சூடு பட்டா பீர் பூரா நுரையாப் போயிடும்ணே." அவருக்குச் சிரிப்பு தாங்கல. ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு மக்கை எடுத்தார். வெளியில் வெள்ளையாப் பனி பூத்திருந்தது. எங்க ஊர்ப் பூண்டு வயலில் விடியக்காலம் பூத்துக் கெடக்குமே, அதே பனி. அதைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஓரமா இறக்கினார். பொன்னு நிறத்தில் நிறைஞ்சு, மேல ரெண்டு விரல் நுரையோட நின்னது. என் கையில் கொடுத்தார். விரல் மரத்துப்போச்சு. கீழ வைக்கவும் இடம் தெரியாம, குடிக்கவும் முடியாம, அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"இதை யாருக்காவது கொடுத்தா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்றேன்.

"கொடுக்கலைன்னாத்தான் கோவிச்சுப்பாங்கண்ணே."

அந்தப் பனி மக்கில் சாய்ச்சுப் பிடிக்கவும் கத்துக்கிட்டேன். கை பழகிச்சு. மனசு பழகல.

ஊர் வந்து சேர்ந்ததும் வீட்டுக்காரி சுடச்சுடக் காப்பி கொடுத்தா. நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டிருந்தா.

"ஓடுமா ஓடாதா?"

"தெரியலடி."

"ஏங்க, புரியலன்னாலும் புரிஞ்ச மாதிரி சொல்லிடுங்களேன். இந்த வயித்தோட எங்கிட்டுப் போறது?"

அவ சொன்னது நியாயம். சொல்லிடலாம்னுதான் முன்னால போனேன். முதலாளி சால்வையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்னார்.

"என்னய்யா, ஆகுமா?"

வாயைத் திறந்தேன். ஓடும்ங்கன்னு சொல்ல ஒரு நொடி ஆகாது. அந்தப் பனி மக் ஞாபகம் வந்தது. விரல் மறுபடி மரத்த மாதிரி இருந்தது.

"தெரியலீங்க."

"தெரியலன்னு சொல்லவா அவ்வளவு தூரம் போனே?"

"அங்க நல்லா ஓடுதுங்க. ஏன் ஓடுதுன்னு தெரியல. பகல்ல குடிக்கிறாங்க, திரை போடல, யாரும் விழல. பனிக்கட்டி மாதிரி கிளாஸ்ல கொடுக்கிறாங்க. நம்ம ஊர்ல அதை யார் கையில வாங்குவாங்கன்னு எனக்குப் புரியலீங்க."

மாப்பிள்ளை நெத்தியில் அடிச்சுக்கிட்டார். "இவனுக்கு ஊத்தத் தெரியல மாமா, அதான். கிளாஸை வெந்நீர்ல போட்டவன் இவன்."

முதலாளி சிரிக்கல. "ஒரு சனிக்கிழமை பார்ப்போம்" என்றார். "குழாய்க்கெல்லாம் இப்ப செலவு பண்ணாதீங்க. பாட்டில் வச்சுப் பார்ப்போம். ஆளுங்க உட்கார்ந்தா இவன் இருக்கட்டும். உட்காரலைன்னா சீசனோட போகட்டும்."

லைசன்ஸ் சோலியெல்லாம் மாப்பிள்ளை பார்த்தார். முன்னறையில் கணப்படுப்பைச் சுத்தி நாலு மேசை போட்டோம். கோழிக்கறி வைக்கிற ஐஸ் பெட்டியில் மாப்பிள்ளை பீர் பாட்டிலையும் கிளாஸையும் அடுக்கினார். சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சு நல்லா இறங்கிடுச்சு. ஏரி தெரியல. ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் வரல. வீட்டுக்காரி பின்கட்டுக் கதவிடுக்கில் நின்னு பார்த்துக்கிட்டிருந்தா.

அப்புறம் ஒரு குடும்பம் வந்தது. மெட்ராஸ்காரங்க. வீட்டுக்காரரும் அவர் தம்பியும் கையைத் தேய்ச்சுக்கிட்டு அடுப்புகிட்ட உட்கார்ந்தாங்க. ரெண்டு பேரில் பெரியவர் பீர் கேட்டார்.

நான் திரைகிட்டப் போனேன். இழுக்கணுமா வேண்டாமான்னு தெரியல. பாதி இழுத்துவிட்டேன்.

பின்கட்டுக்குப் போய் நின்னேன். இடது பக்கம் ஐஸ் பெட்டி. வலது பக்கம் பாய்லர். எதை எடுத்தாலும் தப்பாப் பட்டது. மாப்பிள்ளை உள்ள எட்டிப் பார்த்து, "வெரசா வாலே, சில்லுன்னு கொடு" என்றார். முன்னறையில் பெரியவர் விரலை ஊதிக்கிட்டிருந்த சத்தம் கேட்டது.

ரெண்டையும் எடுத்தேன். ஐஸ் பெட்டிக் கிளாஸ் ஒண்ணு. வெந்நீரில் முக்கினது ஒண்ணு. தட்டில் நடுவில் பாட்டிலை வச்சு, ரெண்டு பக்கமும் கிளாஸை வச்சுக் கொண்டுபோனேன். மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போச்சு. முதலாளி மேசையில் பேனாவைக் கீழ வச்சுட்டுப் பார்த்தார்.

பெரியவர் தட்டைப் பார்த்தார். சில் கிளாஸைத் தொட்டுக் கையை எடுத்துக்கிட்டார். சூடு கிளாஸை எடுத்தார். பாட்டிலைத் தூக்கப் போறார், ஊத்தப் போறார், பொங்கப் போகுதுன்னு துணியைத் தயாரா வச்சிருந்தேன்.

அவர் ஊத்தல. காலிக் கிளாஸை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வச்சு உருட்டினார். கண்ணை மூடிக்கிட்டார். அப்புறம் பாட்டிலைத் தூக்கி அப்படியே வாயில் குடிச்சார்.

"ஆஹா" என்றார். "தம்பிக்கும் இதே மாதிரி ஒண்ணு கொண்டாப்பா."

"எது மாதிரிங்க?"

"காலிக் கிளாஸ் ஒண்ணு. சூடா."

இன்னொரு பாட்டிலோட கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு பேரும் காலிக் கிளாஸைக் கையில் உருட்டிக்கிட்டு, பாட்டிலில் குடிச்சுக்கிட்டு, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அவங்க வீட்டு அம்மா தனக்கும் ஒரு சூடு கிளாஸ் கேட்டாங்க. அவங்க எதுவும் குடிக்கல. பக்கத்து ரூம்காரங்க ரெண்டு பேர் வெளிச்சத்தைப் பார்த்துட்டு வந்தாங்க. அவங்களுக்கும் கொடுத்தேன்.

மாப்பிள்ளை என்னை ஓரமா இழுத்தார். "இது என்னலே? இதுக்குப் பேரு பப்பா?"

"தெரியல சார்."

முதலாளி பேனாவை எடுத்துக்கிட்டார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"விறகு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொல்லு உன் வீட்டுக்காரிகிட்ட. பாய்லர் அணைஞ்சிடாம பார்த்துக்கங்க ரெண்டு பேரும். சீசன் முடிஞ்சாலும்."

பின்கட்டுக்கு வந்தேன். அவ கதவிடுக்கில் எல்லாம் கேட்டிருந்தா. விறகை எடுத்து வச்சா.

"பீர் ஓடுதாங்க?" என்றா.

"பீர் ஓடுதோ என்னவோ" என்றேன். "கிளாஸ் ஓடுது."