ஒற்றைக் கொம்பு

விக்டருக்குக் கத்தி என்றால் கோவிந்தசாமி கத்திதான். மற்றதெல்லாம் அவருக்குத் தகரம். செஞ்சி கடைவீதியில் முப்பது வருஷமாக ஆட்டுக்கறி வெட்டுகிறவர். வலது தோள்பட்டை எப்போதோ போய்விட்டது. கையைத் தூக்கும்போதெல்லாம் முகம் ஒரு பக்கம் கோணும். இத்தனை உழைப்பில் அவருக்கென்று மிஞ்சியது கட்டிலடியில் இருக்கும் ஒரு டிரங்குப் பெட்டி. அது நிறையக் கத்திகள், எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றியவை. எந்த ஊரிலாவது யார் வீட்டிலாவது ஒரு கோவிந்தசாமி கத்தி துருப்பிடித்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், மனிதர் பஸ் ஏறிவிடுவார். அவர் மனைவி எலிசபெத் அந்தப் பெட்டிக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. அவளுடைய அரிவாள்மனை கால் ஆடிக்கொண்டே கிடந்தது. அதைப் பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை.

கோவிந்தசாமி கொல்லர் செத்து வெகுகாலம் ஆகிறது. செத்த பிறகுதான் பேர் ஏறியது. இருந்தபோது குறை சொன்னவர்கள்கூட இப்போது கைராசிக்காரர் என்கிறார்கள். பிடிக்குப் பக்கத்தில் 'கோ' என்று ஓர் எழுத்து குத்தியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் ஆட்கள் கத்தியைக் கையில் எடுக்கிற விதமே மாறிவிடும்.

கொளஞ்சியும் கொல்லர்தான். வாலிபத்தில், முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டிய அன்று, அவர் அடித்துக் கொடுத்த கத்தி ஒரே வெட்டில் தலையை எடுக்கவில்லை. வெட்டியவன் நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருந்தான். அதை யாரும் பேசவில்லை. ராசியில்லாத கை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் செய்ததை ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துப் போய்ச் சந்தைகளில் விற்றான். என்ன பேர் சொல்லி விற்றான் என்று கொளஞ்சி கேட்டதில்லை.

எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கி விக்டர் கடை முன்னால் நின்றார். கட்டைமேல் கிடந்த கத்தியையே பார்த்தார்.

"இத்த எங்க வாங்குன?"

"சந்தையில. கோவிந்தசாமி கத்திண்ணே. இதுக்கு ஜோடி இன்னும் பொறக்கல," என்றார் விக்டர். பெட்டியில் இருப்பவை பார்க்க, இது உழைக்க. இருப்பதிலேயே நல்லது இதுதான்.

கொளஞ்சி கத்தியை எடுத்தார். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டு, தேய்ந்துபோயிருந்த அந்த எழுத்தின்மேல் தேய்த்தார். துண்டால் துடைத்ததும் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது.

"எத்தினி கொம்பு இருக்குது, பாரு."

விக்டர் குனிந்து பார்த்தார். கோவுக்கு இரட்டைக் கொம்பு வேண்டும், மேலே ஒரு சுழி கூடுதலாக. இதில் அந்தச் சுழி இல்லை. ஒற்றைக் கொம்பு போட்டால் அது 'கொ'.

"தேஞ்சி போயிருக்கும்ணே."

"தேயல. நான் குத்துனதே ஒண்ணுதான். என் பேருக்கு அவ்ளோதான் வரும்."

கொளஞ்சி சண்டைக்கு நிற்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம கூட்டம் நிக்கும்போது, இது கொளஞ்சி கத்தின்னு ஒரு வாட்டி சொல்லு விக்டரு. நான் என் காதால கேக்கணும்."

வீட்டுக்குப் போய் விக்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கத்திக்கும் சுண்ணாம்பு தேய்த்தார். பாதிக்குமேல் ஒற்றைக் கொம்பு. எலிசபெத் எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"நேத்து வெட்டுனது இன்னைக்கி வெட்டாதா?"

"வெட்டும்."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சினு இருக்கற?"

விக்டர் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒற்றைக் கொம்புகளைத் தனியாக ஒதுக்கும்போதே அவை கையில் மட்டமாகத் தெரிந்தன. அதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கூட்டம் நெரிந்தது. கொளஞ்சி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெஸ் நடத்தும் ஜெயசுதா கறி வாங்கிக்கொண்டு, வழக்கம்போல, "கோவிந்தசாமி கத்தின்னா துண்டு எப்டி வுழுது பாருண்ணே," என்றாள்.

விக்டர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இது கோவிந்தசாமி கத்தி இல்ல ஜெயசுதா. கொளஞ்சி கத்தி. தோ, பெஞ்சில உக்காந்துருக்காரே, அவரு அடிச்சது. இத்தினி வருஷமா உங்க எல்லாருக்கும் இதுலதான் வெட்றேன்."

ஜெயசுதா கொளஞ்சியைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதான பாத்தேன். கொஞ்ச நாளா எலும்பு சில்லு சில்லா வருதேன்னு."

"எனக்கும்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வேற கத்தி இருந்தா அதுல வெட்டு விக்டரு," என்றார் இன்னொருவர்.

விக்டருக்குக் கோபம் வந்தது. அதே கத்தியை எடுத்து அடுத்த தொடையை வெட்டினார். கத்தி கொஞ்சம் இழுப்பதுபோல இருந்தது. தோள்பட்டைதான் காரணம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி வெட்டினார். மறுபடியும் இழுப்பதுபோலத்தான் இருந்தது. தலையைத் தூக்கிப் பெஞ்சுப் பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை.

கொளஞ்சி எழுந்து கட்டைக்குப் பக்கத்தில் வந்தார். கத்தியை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தி, விக்டருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"விட்டுடு விக்டரு. கோவிந்தசாமி கத்தின்னே சொல்லிக்கோ. அதுவாவது நல்ல பேரோட இருக்கட்டும்."