காயாத வானம்

போன கிழமை எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. வீதியைக் கிண்டி, மூடி, மறந்துபோய், திரும்பவும் கிண்டி, ஒருவழியாக வந்துவிட்டது. எல்லாரும் வாளிகளோடு ஓடினார்கள். நான் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கொண்டுபோய்ப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு மிடறு குடித்தேன். மருந்து வாசம் கொஞ்சம் இருந்தது. உப்பில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ, இது எத்தனை நாளைக்கு வரும், குழாய் வெடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது, கிணற்றை மூடச் சொல்வார்களோ என்றுதான் யோசனை ஓடியது. என் மண்டை அப்படி. நல்லது நடந்தாலும் அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கும்.

அந்தக் கிளாஸோடு நின்றபோதுதான் ஜெசிந்தாவின் நினைவு வந்தது. ஜெசிந்தா என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு மச்சாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. குருநகரில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. இந்தத் தண்ணீர் அப்போது வந்திருந்தால் நாங்கள் எத்தனை மட்டைகளை வீணாக்காமல் இருந்திருப்போம்.

மட்டை என்றது நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அனுப்புகிற வாழ்த்து மட்டை. சண்டை நின்று, தெற்கே போகிற பாதை திறந்திருந்த சமாதானக் காலம் அது. வெளிநாட்டிலிருந்து சனம் வந்து போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கையால் வரைந்த மட்டைகள் விற்கலாம் என்று கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் தொடங்கினார். ஜெசிந்தா இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் வாட்டர் கலர் பழகியவள். தனியாகச் செய்து முடியாது என்று என்னையும் இழுத்தாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு பிறஷைத் தொட்டது கதவுக்குப் பெயின்ற் அடிக்கத்தான். கதவுப் பெயின்ற் நல்லது. பிழைத்தால் மேலே இன்னொரு பூச்சு, பிழை மறைந்துவிடும். வாட்டர் கலரில் கீழே இருப்பதெல்லாம் தெரியும். ஏன், அது தெரிவதற்குத்தானே மேலே பூசுவது. இது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

"கலியாணப் பொம்பிளையின்ரை நெற் முக்காடு மாதிரி, மச்சாள்," என்பாள் ஜெசிந்தா. "முகத்துக்கு மேலை கிடக்கும், ஆனா முகம் தெரியவேணும். நீ என்னெண்டா போர்வையாலை மூடுறாய்."

படம் சின்னதுதான். கடல், ஒரு வள்ளம், மேலே விடியற்கால வானம். வானத்துக்கு முதலில் மஞ்சள், தண்ணீராகக் கரைத்து. அது காய்ந்தபின் ரோசா. அதுவும் காய்ந்தபின் நீலம், மேலிருந்து கீழே மெலிந்து வரும்படி. ஒன்றுக்குள்ளால் ஒன்று தெரியும்போது எந்தப் பெயின்ற் குழாய்க்குள்ளும் இல்லாத ஒரு நிறம் வரும். காய முதல் அடுத்ததைப் பூசினால் எல்லாம் கலங்கிச் சேறு. பெயின்றின் பசை மணமும் பக்கத்து அடுப்பில் மீன் பொரிக்கிற மணமும் சேர்ந்துதான் அந்த வானங்களுக்கு. வாங்கிப்போனவர்கள் கனடாவில் உறையைப் பிரித்து மணந்து பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது.

காயும்வரை சும்மா இருப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. எனக்கு வராத வேலையும் அதுதான். நான் பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவள். நித்திரை கொள்ளும் பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சுப் பார்க்கிறவள். ஈரப் பூச்சைச் சும்மா விடுவேனா? ஒருக்கால் தொட்டுப் பார்ப்பேன். ரேகை அப்படியே பதிந்துவிடும்.

"உன்ரை வானத்தைப் பாத்துப் பொலிசு கள்ளனைப் பிடிக்கலாம்," என்றாள் ஜெசிந்தா. மஞ்சள் காய முதல் நான் நீலம் பூசிய ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "உதென்ன மச்சாள், கீரை வானமோ?" என்றாள். சிரிக்காதீர்கள், அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாரி தொடங்கியதும் இன்னொரு கரைச்சல். காலையில் பூசியது மத்தியானமும் பிசுபிசுத்தது. காய்ந்ததிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பெயின்றில் பிழை என்றாள் ஜெசிந்தா. என் கையில்தான் பிழை என்று நான் நினைத்தேன். ஒருநாள் கறிக்கு உப்பெடுக்கப் போனால், மாரியில் எப்போதும் நடக்கிற மாதிரி, போத்தலுக்குள் உப்புக் கசிந்து கிடக்கிறது. அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பெயின்றைக் கரைப்பது எங்கள் கிணற்றுத் தண்ணீரில். கடற்கரைக் கிணறு. அதன் உப்பு வானத்துக்குள் இருந்துகொண்டு ஈரக் காற்றைக் கண்டவுடன் கசிகிறது.

நல்ல தண்ணீரை இவர்தான் சைக்கிளில் பிளாஸ்ரிக் கான் கட்டி, பொதுத் தண்ணீர்த் தாங்கியடிக்குப் போய் எடுத்து வருவார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், அன்ரன்.

"நான் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு வந்த தண்ணியிலை பிறஷ் கழுவுறியோ?"

"ஒரு கிளாஸ்தானே."

"மேகத்துக்கு நல்ல தண்ணி, மனிசனுக்கு உப்புத் தண்ணி. நல்ல ஞாயம்."

அடுத்த நாள் கானோடு ஒரு சோடாப் போத்தலையும் நிரப்பிவந்து யன்னலடியில் வைத்தார். "உது உங்கடை வானத்துக்கு. குசினிக்குச் சமைக்கக் கொண்டு போயிடாதை," என்றார்.

அந்தத் தண்ணீரில் பூச்சு கண்ணாடி மாதிரி இறங்கியது. விரலால் தொடாமல் புறங்கையை மெல்ல வைத்துப் பார்க்கவும் பழகினேன். குளிர்ந்தால் இன்னும் ஈரம். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற அதே கை. அங்கே சூட்டுக்குப் பயம், இங்கே குளிருக்கு.

கார்த்திகையில் ஒரு நாள். முதல் நாள் பின்னேரம் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன இவர் விடிய வந்திருக்க வேண்டும். சின்ன வள்ளம், தனியாகத்தான் போவார். விடிய வாடைக்காற்று இரைந்து அடிக்கத் தொடங்கியது. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. இவரைக் காணவில்லை. வந்தவர் ஒருவரைக் கேட்டேன்.

"அன்ரன் அண்ணை எங்களுக்கு அங்காலை நிண்டவர், அக்கா. பிறகு காணேல்லை. வந்திடுவார்."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் கடலைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்தல்ல.

வீட்டுக்கு ஓடி வந்தால், ஜெசிந்தா மட்டைகளை விரித்து வைத்து மஞ்சள் கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கென்ன கல் நெஞ்சோ? உன்ரை அண்ணையெல்லோ கடலிலை."

"கரையிலை நிண்டு நீ என்ன காத்தையே பிடிச்சுக் கட்டப்போறாய்? இதிலை இரு. பூசு."

"கை நடுங்குதடி."

"நடுங்கட்டும். மேகமென்ன, அடிமட்டம் வைச்சு நேர்கோடாக் கீறினதே?"

இருந்தேன். பூசினேன். காயும்வரை அசையக்கூடாது, காய்ந்ததும் வாசலுக்கு ஓடலாம் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுத்த பூச்சு. அழவும் பயம், மட்டையில் விழுந்தால் திரும்பவும் உப்பு. ஜெசிந்தா தலை நிமிரவில்லை. நீலத்தைக் கரைத்து ஒரே இழுப்பில் இறக்கினாள். கூடப்பிறந்தவன் கடலில் நிற்க எப்படி இப்படி இருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவள் கிளாஸில் தண்ணீர் மாற்ற எழும்பிப் போன நேரம் அவளுடைய மட்டையைப் பார்த்தேன். நீலத்தின் நடுவில், வள்ளத்துக்கு நேர் மேலே, ஒரு விரல் அடையாளம். பக்கத்து மட்டையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

அவள் திரும்பி வந்து இருந்ததும் பாயில் கொஞ்சம் கிட்டே நகர்ந்து இருந்தேன்.

மத்தியானம் திரும்பித்தான் இவர் வந்தார். எஞ்சின் நின்று, காற்று மண்டைதீவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போக, அங்கே யாரோ கயிறு கட்டி இழுத்து வந்து விட்டிருக்கிறார்கள். முழங்கால் வரை சேறு.

"என்ன, ரெண்டு பேரும் செத்த வீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கிறியள்? சோறு கிடக்கோ?"

அன்று உலையே வைக்கவில்லை. இவர் துவாயால் தலையைத் துடைத்தபடி குனிந்து மட்டைகளைப் பார்த்தார்.

"வானத்திலை ஆரின்ரை கை?"

"மச்சாளின்ரை," என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் தூக்காமல்.

நான் அவளைப் பார்த்தேன். "ஓம், என்ரைதான்," என்றேன்.

"இவளுக்கு எப்பவும் அந்தரம், ஒரு பொறுமையில்லை," என்று சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். அவர் வாளியை விடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஜெசிந்தா அழுதாள்.

அந்த மட்டைகளையும் சிஸ்டர் எடுத்துக்கொண்டார். கையால் செய்தது என்று தெரியட்டும் என்றார். யார் வாங்கினார்களோ, எந்த நாட்டில் எந்த அலுமாரிக்குள் கிடக்கின்றனவோ. பிறகு திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதை மூடியது, வாங்குகிற சனம் வரவில்லை. பெயின்ற் குழாய்களுக்குள் கல்லாகிப் போனது. ஜெசிந்தா மகனோடு பிரான்சுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவள் முகம் வரும். குளிர் என்பாள், சுகமோ என்பாள், அதற்குமேல் கதைக்க இரண்டு பேருக்கும் களைப்பு. இவரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, பிறகு காலில் புண், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில். நான் சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு மரமும் அசையாத பகலில் போய்விட்டார். அத்தனை வருடமும் பிழையான பக்கத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

கார்த்திகையில் வாடை எழும்பினால் இப்போதும் விடியப்புறம் முழிப்பு வருகிறது. வாசல் வரை போகிறேன். போன பிறகுதான், கடலில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் இருக்கிற ஊர்களில் எந்தக் காற்றுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்து படுத்துக்கொள்கிறேன்.